பழைய ஹைலக்ஸ் கெப் எடுக்கலாமா? மலையில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்

2025 பெப்ரவரி 9, காலை (அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி)

மலைப்பக்கம் கெப் ஓட்டுகிற அண்ணமார் சொல்லுங்கள். லீக்ஸ், கரட் ஏற்றி நுவரெலியாவுக்கும் சில நேரம் தம்புள்ளைக்கும் போக ஒரு சிங்கிள் கெப் (முன்னால் ஒரே வரிசை சீட், பின்னால் திறந்த பெட்டி) தேடுகிறேன். டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று வந்திருக்கிறது. பழைய ஸ்ரீ நம்பர், 3எல் என்கிற டீசல் எஞ்சின், 4 வீல் ட்ரைவ் இல்லை. 38 லட்சம் கேட்கிறார்கள். எஞ்சின் செய்தது, பெயின்ட் புதிது என்கிறார். இப்போது இறக்குமதியும் திறந்துவிட்டார்கள், பொறுத்தால் விலை இறங்குமா? எடுத்தால் ரிப்பேருக்கு எவ்வளவு கையில் வைத்திருக்க வேண்டும்? எஞ்சின் நல்லா இருந்தால் மற்றதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா சொல்கிறார்.

பெப்ரவரி 9, இரவு

மாமா சொல்வதை ஒரு பக்கம் வை தம்பி. இந்த வண்டியில் காசு கொடுத்தால் கிடைக்கிற சாமான் எஞ்சின். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடினால் ஜப்பானில் கழற்றிய 3எல் இன்றைக்கும் கிடைக்கும், இல்லாவிட்டால் இருப்பதையே போர் பண்ணி ரிங், பெயாரிங் போட்டு எடுத்துவிடலாம். செசி, அதாவது வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம், போனால் என்ன செய்வாய்? வண்டியின் நம்பர் அடித்திருப்பது செசியில். பதிவுப் புத்தகத்தில் எழுதியிருப்பதும் அந்த நம்பர். அது துருப்பிடித்து எழுத்து தெரியாமல் போன வண்டியை எவன் தலையில் கட்டுவது என்று தான் பாதிப் பேர் அலைகிறார்கள்.

எஞ்சின் செய்தது என்றால் பில் கேள். பில் இல்லை என்றால் செய்யவில்லை என்று கணக்கு வை.

நான் மெக்கானிக் இல்லை. கொட்டகலையில் சிமெந்து, மரக்கறி, கல்யாணச் சாமான் என்று கிடைத்ததை ஏற்றுகிற ஒரு ஹைலக்ஸின் சொந்தக்காரன். கராஜில் பாஸ் (மெக்கானிக்) பக்கத்தில் டோர்ச் பிடித்து நின்று கற்றதுதான்.

பெப்ரவரி 10

பெயின்ட் புதிது என்று எழுதியிருந்தாய், அதைப் படித்த நேரத்திலிருந்து எனக்கு மனசு சரியில்லை. மரக்கறி வண்டிக்கு எதற்குப் புதுப் பெயின்ட்?

பார்க்கப் போகும்போது ஒரு சாக்கும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போ. சாக்கை விரித்து அடியில் படு. பின் சக்கரத்துக்கு மேலே செசி வளைந்து ஏறுகிற இடம் இருக்கிறதே, ஸ்பிரிங் பட்டையின் முனை தொங்குகிற இடம் வரைக்கும், அங்கே மெதுவாகத் தட்டிக்கொண்டே வா. நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும். துரு தின்ற இடத்தில் சத்தம் செத்துப் போகும், சில நேரம் தகடு தகடாகக் கையில் கொட்டும். புதிதாகக் கறுப்பு அண்டர்சீல் பூசியிருந்தால் இன்னும் கவனமாகத் தட்டு. அதற்குக் கீழே புட்டியும் பைபர் துணியும் ஒட்டியிருந்த வண்டி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன், சுத்தியல் உள்ளே போய்விட்டது, விற்க வந்தவர் என்னைத்தான் முறைத்தார்.

நம் பக்க வண்டிகளுக்குத் துரு வருவதற்குக் காரணம் மழையும் பனியும் மட்டும் இல்லை. இறங்கும்போது மரக்கறி, ஏறும்போது உரம். யூரியா ஈரத்தை இழுக்கும், பொட்டாஷ் என்று நாம் போடுவது குளோரைட் உப்பு. மூட்டை ஓட்டையாகி பெட்டியின் இடுக்கில் கொட்டி, அதில் லீக்ஸ் கழுவின தண்ணீர் வடிந்து செசிக்குள் இறங்கினால் கடற்கரை வண்டிக்கு ஆகிற அதே கதிதான் நானுஓயா வண்டிக்கும். ஆகவே பழைய சொந்தக்காரர் என்ன ஏற்றினார் என்று கேள். தளபாடக் கடை வண்டி என்றால் நல்லது. உரக்கடை வண்டி என்றால் கும்பிடு போட்டுவிட்டு வா.

பெப்ரவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

விலை பற்றிக் கேட்டதை விட்டுவிட்டேன். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், இந்த பெப்ரவரி தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கும் திறந்தார்கள். அந்த இடைவெளியில் சும்மா கிடந்த கெப் எல்லாம் தங்க விலைக்குப் போனது. இனி இறங்குமா என்றால், புது வண்டிக்கு விழுகிற வரியைப் பார்த்தால் நம் கைக்கு எட்டுகிற புது கெப் ஒன்று வரப்போவதாக எனக்குத் தெரியவில்லை. புதிது எட்டாத வரைக்கும் பழையது விலை நிற்கும். தொழிலுக்குத் தேவை என்றால் விலைக்காகக் காத்திருக்காதே, நல்ல செசிக்காகக் காத்திரு.

பெப்ரவரி 13

பிரேக் பற்றி நீண்ட குறிப்பு. அவசரம் உள்ளவர்கள் அடுத்ததற்குப் போகலாம், ஆனால் இதுதான் முக்கியம்.

இந்த டீசல் ஹைலக்ஸில், மிதியின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பிரேக் பூஸ்டருக்கு வெக்கியூம் தருகிற பம்ப் எங்கே இருக்கிறது தெரியுமா? பேட்டரியை சார்ஜ் செய்கிற ஒல்டனேட்டரின் முதுகில். ஒல்டனேட்டர் சுற்றினால்தான் அதுவும் சுற்றும். அதற்கு எஞ்சினிலிருந்து ஒயில் போகிறது, ஒயில் சீல் தேய்ந்தால் அந்த ஒயில் ஒல்டனேட்டருக்குள் இறங்கிக் கார்பன் பிரஷ்ஷை நனைத்துவிடும். அப்போது முதலில் தெரிவது சார்ஜ் இல்லை என்பதுதான். வயர்மேனிடம் போகிறாய், அவர் பிரஷ் மாற்றி அனுப்புகிறார், கொஞ்ச நாளில் திரும்ப அதே கதை. யாரும் பம்பைப் பார்ப்பதில்லை. அதற்குள் பம்பின் தகடுகளும் தேய்ந்து பிரேக் கல்லாகிவிடும். பெல்ட் அறுந்தாலும் இதேதான்: சார்ஜும் போகும், பிரேக்கின் பலமும் போகும்.

பார்க்கிற விதம் சுலபம். எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதி, கல்லாக வரட்டும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய். பெடல் தானாக ஒரு அங்குலம் போலக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப் அல்லது பூஸ்டர் அல்லது இடையில் உள்ள ஹோஸ். ஹோஸ் என்றால் உனக்கு அதிர்ஷ்டம்.

அடுத்தது பின் சக்கரம். ட்ரம்முக்கு உட்பக்கம், டயரின் உள் கன்னத்தில் ஒயில் வடிந்த கோடு இருக்கிறதா பார். அக்சில் சீல் போனால் டிபரன்சல் ஒயில் வந்து பிரேக் லைனரில் ஊறும். ஊறின லைனரைச் சுட்டுக் காய வைத்து திரும்பப் போடுகிற பாஸ்மார் இருக்கிறார்கள். வேண்டாம், புது லைனர் போடு.

கடைசியாக, யாரும் சொல்லாத சாமான் ஒன்று. பின் அக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய்ச் செசியில் ஒரு சின்ன வால்வைத் தொடும். லோட் ஏறினால் பெட்டி தாழும், கம்பி வால்வைத் தள்ளும், பின் சக்கரத்துக்கு பிரேக் கூடுதலாகப் போகும். வெறும் வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அதுவே குறைத்துக் கொடுக்கும். நல்ல ஏற்பாடு. நாம் என்ன செய்கிறோம்? மரக்கறி கூட ஏற்ற வேண்டும் என்று பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போடுகிறோம். வண்டி தாழ்வதே இல்லை. ஒன்றரை டன் ஏற்றியும் அந்த வால்வுக்கு வண்டி வெறுமையாக இருப்பதாகவே தோன்றும், பின் பிரேக்கைக் குறைத்தே கொடுக்கும். முன் பிரேக் ஒன்றே எல்லாவற்றையும் தாங்கிச் சிவந்து போகும். அப்புறம் ஹைலக்ஸுக்கு பிரேக் சரியில்லை என்று குறை. பட்டை கூட்டினால் அந்தக் கம்பியையும் சரிக்கட்ட வேண்டும். முக்கால்வாசி வண்டியில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும் அல்லது கழற்றியே எறிந்திருப்பார்கள்.

பெப்ரவரி 14

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கிறார், இதெல்லாம் பார்க்க எந்த விற்பவர் விடுவார் என்று. பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். பெண் பார்க்கப் போனாலும் ஒரு கேள்வி கேட்கிறோமே.

பெப்ரவரி 20

ஹட்டன் அண்ணன் எழுதியிருக்கிறார்: "கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம், நான் எப்போதும் அப்படித்தான்." அண்ணே, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் கணக்கு தலைகீழ். கியரில் போட்டுக் காலை எடுத்து இறங்கும்போது டீசல் பம்பின் கவர்னர் டீசலை அடைத்துவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் சும்மா ஓடுவதற்கு டீசல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக நியூட்ரலில் தான் செலவு.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆரைக் காட்டி வாரக் கோட்டாவுக்கு டீசல் அடித்த காலத்தில், லீற்றர் 460 ரூபா வரைக்கும் போனதே, அப்போது எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்கியவர்களும் இருந்தார்கள். எஞ்சின் நின்றால் வெக்கியூம் பம்பும் நிற்கும். பூஸ்டரில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குக் காணும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டி என்றால் அதுவும் போச்சு. ரம்பொடை வளைவில் அது தெரிய வந்தால் என்ன பிரயோசனம்?

மார்ச் 2

சூடாகிற பிரச்சினை. புசல்லாவைத் தம்பியின் வண்டி ரம்பொடை ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து நிற்கிறதாம், தேர்மோஸ்டட்டை (எஞ்சின் சூடாகும் வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறியச் சொன்னாராம் பாஸ்.

கழற்றாதே. நம் குளிரில் தேர்மோஸ்டட் இல்லாவிட்டால் எஞ்சின் சூடாகவே ஆகாது, காலையில் வெள்ளைப் புகை, டீசல் கூடக் குடிக்கும், சிலின்டர் தேயும். கொதிப்பதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

முதலில் ரேடியேட்டர் மூடி. சிரிக்காதே. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே திறந்த பானையில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடி அமுக்கிப் பிடிப்பதால்தான் ரேடியேட்டருக்குள் அது இன்னும் இருபது பாகை போலத் தாங்குகிறது. மூடியின் ரப்பர் வெடித்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கொழும்பில் ஓடும்போது ஒன்றும் தெரியாது, மலை ஏறும்போது பொங்கும். ஆயிரம் இரண்டாயிரம் ரூபா சாமான். அதை மாற்றிவிட்டு மற்றதைப் பார்.

அப்புறம் விசிறி. எஞ்சின் சூடாக இருக்கும்போது நிறுத்தி, விசிறியைக் கையால் சுழற்று. தடை இல்லாமல் காற்றாடி மாதிரிச் சுற்றினால் விசிறி கிளச்சில் உள்ள சிலிக்கன் ஒயில் போய்விட்டது. ரேடியேட்டருக்கு முன்னால் குனிந்து பார், தேயிலைத் தூசியும் பூச்சியும் சேர்ந்து சேறாக அடைத்திருக்கும், தோட்டத்து ரோட்டில் ஓடுகிற வண்டியில் இது சாதாரணம். குழாயால் உள்பக்கமிருந்து வெளியே கழுவு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கொதித்தால்தான் ஹெட் கேஸ்கட்டை, அதாவது சிலின்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள தகட்டை, சந்தேகப்பட வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிரு. விடாமல் குமிழி வந்தால் சிலின்டரின் காற்று தண்ணீருக்குள் போகிறது. கேஸ்கட்டாகவும் இருக்கலாம், ஹெட்டே வெடித்திருக்கலாம். 2எல் டர்போவுக்கு ஹெட் வெடிப்பது ஊரறிந்த கதை. டர்போ இல்லாத 3எல் அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் எந்த ஹெட்டும் தாங்காது.

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதே. இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன், கையில் துணி சுற்றிக்கொண்டு கராஜுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

மார்ச் 3

காசுக் கணக்குத்தான் எல்லோருக்கும் வேண்டுமாம். சரி. இவை என் கைக்கு வந்த பில்களும் கூட ஓட்டுகிறவர்கள் சொன்னதும், ஹட்டன் பக்கத்து விலை. கண்டியில் கூலி கொஞ்சம் கூடலாம், சாமான் கொஞ்சம் குறையலாம்.

எடுத்த உடனே செய்ய வேண்டியது டைமிங் பெல்ட். 3எல்லுக்கு ஒரு லட்சம் கிலோமீற்றர் என்று கணக்கு, ஆனால் பழைய வண்டியின் மீற்றரை நம்புகிறவன் லொத்தரும் நம்புவான். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும், அந்த பில்லை எழுதவே எனக்குக் கை வரவில்லை. பெல்ட், டென்ஷனர், சீல், கூலி எல்லாம் சேர்த்து இருபத்தையாயிரம் முப்பதாயிரத்துக்குள் முடியும். கழற்றினதோடு வோட்டர் பம்பையும் பார்த்துவிடு.

பிரேக் முழுவதும் ஒரு தடவை, அதாவது முன் பேட், பின் லைனர், சக்கர சிலின்டர்கள், ட்ரம் லேத்தில் போட்டது, அக்சில் சீல் இரண்டும், புது பிரேக் ஒயில்: ஐம்பதாயிரத்தைத் தாண்டும். வெக்கியூம் பம்பும் ஒல்டனேட்டரும் சேர்த்துச் செய்ய இருபதாயிரம் போல. கிளச் பிளேட், பிரஷர் பிளேட், பெயாரிங், கூலி என்று ஐம்பதாயிரம், அது தாய்வான் சாமானுக்கு. ஜப்பான் என்று பெட்டியில் எழுதியிருப்பதை எல்லாம் நம்பாதே, பெட்டியும் தனியாக விற்கிறார்கள். முன் பக்க போல் ஜொயின்ட், புஷ், டை ரொட் முனைகள் ஒன்றாக மாற்றினால் நாற்பது, ஐம்பது. பின்னால் போகிற நீள ஷாப்டின் குரோஸும் நடு பெயாரிங்கும் பெரிய செலவு இல்லை, ஆனால் விட்டால் கியர் பொக்ஸ் சீலையும் கெடுக்கும்.

டயர்தான் வயிற்றெரிச்சல். லோட் தாங்குகிற டயர் ஒன்றுக்கு முப்பதாயிரத்துக்கு மேல். ரீபில்ட் டயர் போடுவதென்றால் பின்னால் போடு, முன்னால் வேண்டாம். பேட்டரி நாற்பது.

எல்லாம் ஒரே வருடத்தில் வராது என்று சொல்லத்தான் ஆசை. புது ஆள் கைக்குப் போன பழைய வண்டி பெரும்பாலும் முதல் வருடத்திலேயே எல்லாவற்றையும் கேட்கும், ஏனென்றால் விற்றவர் விற்பதற்கு முன் ஒன்றும் செய்திருக்க மாட்டார். தம்பி 38 லட்சத்துக்கு எடுத்தால் நாலு லட்சம் தனியாக வை. அது இல்லாவிட்டால் 34க்கு வேறு வண்டி பார்.

மார்ச் 16

புகை. வருட லைசனுக்கு முன் புகைப் பரிசோதனை வருகிறது, எல்லோரும் பம்ப் பாஸைத் தேடி ஓடுகிறார்கள். அவர் ஒரு ஸ்குரூவைக் குறைப்பார், புகை குறையும், இழுவையும் குறையும், பாஸாகி வந்ததும் திரும்பக் கூட்டுவார். வருடா வருடம் நடக்கிற திருவிழா இது.

நம் உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்புக் கணக்குக்குச் சரிக்கட்டின பம்ப் இங்கே அதே அளவு டீசலை ஊற்றும், எரிக்கக் காற்று போதாது, மிச்சம் கறுப்புப் புகை. ஆகவே மலையிலேயே ஓடுகிற வண்டிக்கு நிரந்தரமாகவே கொஞ்சம் குறைத்து வைப்பது நல்லது. இழுவை கொஞ்சம் போகும். போகட்டும், ஹெட் சூடும் குறையும்.

அதற்கு முன் மலிவானதைப் பார்: எயார் பில்டர், பிறகு சிலின்டருக்குள் டீசலைத் தூவுகிற நொசில். நாலு நொசிலையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டுத் தூவலைப் பார்க்கச் சொல். ஒழுகுகிற நொசில் பிஸ்டனையே ஓட்டை போடும். பம்பைக் கழற்றிச் செய்வதென்றால் அறுபது, எழுபதாயிரம் ஆகும், அதனால் அது கடைசியில்.

மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினவர்கள் யாராவது இருந்தால், பம்புக்குள் மசகு கொடுப்பதே டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு குறைவு, உள்ளே தேய்மானம். விலை வித்தியாசத்தில் மிச்சம் பிடித்ததைப் பம்ப் பாஸ் வட்டியோடு வாங்கிக்கொள்வார்.

மார்ச் 17

ஹைலக்ஸைத் தவிர வேறு வண்டியே இல்லையா என்று பதுளையிலிருந்து ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். இருக்கிறது. நிசானின் டிடி27, இசுசுவின் பழைய 4ஜேஏ1, இரண்டு எஞ்சினிலும் டைமிங் பெல்ட் கிடையாது, பல்சக்கரம்தான், அந்தப் பயம் இல்லை. சத்தம் அதிகம். மிட்சுபிஷி எல்200இன் 4டி56இல் பெல்ட் இரண்டு, சின்ன பெலன்ஸ் பெல்ட் அறுந்து பெரியதையும் இழுத்துக்கொண்டு போகும், இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். லயத்துக்குப் பின்னால் போகிற ரோட்டுக்கு டிமோ பட்டா என்கிற குட்டி லொறி போதும் என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. தம்புள்ளைக்கு அதில் போகிறவனுக்குப் பொறுமை வேண்டும்.

நான் ஹைலக்ஸைச் சொல்வதற்குக் காரணம் சாமான். மஸ்கெலியாவில் உடைந்து நின்றாலும் போன் பண்ணினால் கொழும்பு பஸ்ஸில் போட்டு அனுப்புவார்கள், மாலையில் ஹட்டன் ஸ்டேண்டில் எடுத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 8

புத்தாண்டுக்கு முன் கிளச் வழுக்குகிறவர்கள் இப்போதே காட்டுங்கள். 14க்குப் பிறகு ஒரு வாரத்துக்கு எந்தக் கராஜிலும் ஆள் இருக்காது, பாஸ் ஊருக்குப் போய்விடுவார், கடைக்காரர் போனை எடுக்க மாட்டார்.

கிளச் போயிற்றா என்று பார்க்க: சமதரையில் ஹேன்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு மெதுவாக விடு. எஞ்சின் நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் முடிந்தது. இதையே பலமுறை செய்து பார்த்து மிச்சம் இருந்ததையும் எரிக்காதே.

ஏற்றத்தில் ஹேன்ட் பிரேக் போடாமல் கிளச்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு, ஹட்டன் டவுனில் நெரிசல் வந்தால் மூக்கில் வாசமே வரும். ஹேன்ட் பிரேக் கேபிள் ஒன்று கிளச்சின் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

மே 14

கொத்மலை கெரண்டிஎல்லையில் 11ஆம் திகதி பஸ் பள்ளத்தில் விழுந்த பிறகு இரண்டு மூன்று பேர் பெப்ரவரியில் எழுதிய பிரேக் குறிப்புக்குக் கீழே வந்து கேட்கிறார்கள். அந்த பஸ்ஸுக்கு என்ன நடந்தது என்பதை விசாரிக்கிறவர்கள் சொல்லட்டும், நாம் ஊகிக்க வேண்டாம். நம் வண்டியைப் பார்ப்போம்.

மார்ச் காசுக் கணக்கில் பிரேக் ஒயிலைப் பற்றி ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டேன். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற எண்ணெய். டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை தாங்கும், ஈரம் ஏறினதும் 140 வரைக்கும் இறங்கலாம். டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரப் பக்கம் அந்தச் சூடு சாதாரணமாக வரும். ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் மெத்தை போல அமுங்கும், கீழே ஒன்றும் இருக்காது. நம் மூடுபனியில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுவதையும் மாற்று என்று முன்பு சொல்வேன், இப்போது லோட் வண்டிக்கு வருடத்துக்கு ஒன்று என்றே சொல்கிறேன். இரண்டு போத்தலும் ஒரு பையனும் போதும், ஒருவர் மிதிக்க ஒருவர் நிப்பிளைத் திறக்க. கறுத்த தண்ணீர் போய்த் தேன் நிறம் வரும் வரைக்கும்.

ரதல்ல குறுக்கு ரோடு, எல்லவிலிருந்து வெல்லவாய இறக்கம், இந்த மாதிரி இடங்களில் லோட்டோடு இரண்டாம் கியர். பின்னால் வருகிற வேன்காரன் ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும். இடம் கிடைத்தால் ஒதுங்கி அவனை விடு, கியரை மாற்றாதே.

மே 15

"தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கலாமா?" சூடான ட்ரம்மில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். நிறுத்தி டீ குடி.

ஜூன் 22

அக்கரப்பத்தனைத் தம்பி அந்த ஸ்ரீ நம்பர் வண்டியை விட்டுவிட்டாராம், செசியில் வெல்டிங் இருந்ததாம். நல்லது. இப்போது வேறொன்று பார்த்திருக்கிறார், வெலிமடையில், ஓபன் பேப்பர்.

ஓபன் பேப்பர் என்றால் புத்தகத்தில் இருப்பவர் கையெழுத்து வைத்து யாருக்கோ கொடுத்து, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, நீ மூன்றாவதோ நாலாவதோ ஆள். வண்டி உன் பெயரில் இல்லாத வரைக்கும் எங்கேயாவது மோதினால் பொலிஸ் தேடுவது முதல் ஆளை, அவர் தேடுவது உன்னை. கையெழுத்து வைத்தவர் காலமாகிவிட்டால் பிள்ளைகளுக்குப் பின்னால் அலைய வேண்டும். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் முழு உரித்தாளராக இன்னும் இருக்கிறதா என்றும் பார், கடனை அடைத்தும் பெயரை வெட்டாமல் விட்ட வண்டிகள் நிறைய.

எஞ்சின் மாற்றியிருந்தால் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் மாறியிருக்க வேண்டும். பிளாக்கில் உள்ள நம்பரை நீயே துடைத்துப் படி, சொல்வதைக் கேட்காதே. புத்தகத்தில் 2எல் என்று இருந்து பொனட்டுக்குள் 3எல் உட்கார்ந்திருப்பது நம் ஊரில் அதிசயம் இல்லை. அந்த மாற்றத்தைப் பதியாமல் ஓடலாம், விற்கும்போது மாட்டும். பேரம் பேசும்போது பெயர் மாற்றும் செலவையும் அலைச்சலையும் விலையில் குறைத்துக் கேள்.

ஜூலை 6

வெலிமடை வண்டியை நானும் தம்பியோடு போய்ப் பார்த்தேன். செசி நல்லது, ஒரு இடத்திலும் சத்தம் சாகவில்லை. பிரேக் பெடல் ஸ்டார்ட் செய்ததும் இறங்கியது. இரண்டாம் கியர் இறக்கும்போது கரகரத்தது, கியரை உரசாமல் சேர்க்கிற சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது, இரட்டைக் கிளச் போட்டு ஓட்டப் பழகினால் இன்னும் காலம் ஓடும். பவர் ஸ்டியரிங்கில் கசிவு. காலையில் சொந்தக்காரர் நாம் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார், அது எனக்குப் பிடிக்கவில்லை, பொனட்டில் கை வைத்ததுமே தெரிந்தது. குளிர்ந்த ஸ்டார்ட் பார்க்காமல் முடிவு சொல்லாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிலின்டரைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக் ஒன்றிரண்டு செத்திருந்தால் செலவு சின்னது, கொம்பிரஷன் இல்லாததால் ஸ்டார்ட் ஆகாமல் அதை மறைக்கச் சூடாக்கினார் என்றால் செலவு பெரியது.

ஜூலை 12

தம்பி விடியற்காலை ஐந்தரைக்குச் சொல்லாமல் போய் நின்றாராம். ஹீட்டர் லைட் அணைந்த பிறகு சாவி போட்டார், மூன்றாவது சுற்றில் பிடித்தது, ஒரு நிமிடம் போல வெள்ளைப் புகை, பிறகு சுத்தம். பிளக் இரண்டு வேலை செய்யவில்லை. மாற்றும்போது அந்த எஞ்சினுக்கு உரிய வோல்ட் பார்த்து வாங்கு, கடையில் 6 வோல்ட் வகையும் இருக்கும், தவறானதைப் போட்டால் ஒரே காலையில் எரிந்துவிடும். பெயர் மாற்றம் முடிந்த பிறகு மிச்சக் காசு என்ற பேச்சில் 36க்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை இரண்டு இருக்கிறது, அந்த வால்வுக் கம்பி இறுகித்தான் கிடக்கிறது, திங்கட்கிழமை கொட்டகலைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.